நியூ லானார்க்: பழைய சுவர்கள், புதிய வீடுகள்

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் இருக்கும் நியூ லானார்க் என்ற பஞ்சாலைக் கிராமத்தின் படங்களைப் பார்த்த ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அங்கே வரிசையாக நிற்கும் தொழிலாளர் குடியிருப்புகள் உண்மையிலேயே 200 ஆண்டுகளுக்கு முந்தையவையா? அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளி இவ்வளவு நல்ல வீட்டிலா வாழ்ந்தார்? இப்போது அவற்றில் குடியிருப்பவர்கள் யார்?

சுவர்கள் பழையவைதாம், பெரும்பாலானவை 1790களில் எழுந்தவை. ஆனால் படத்தில் ஒரு வீடாகத் தெரியும் இடத்தில் அன்று பல குடும்பங்கள் ஆளுக்கோர் அறையில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின. இப்போது அங்கே வாடகைக்கு இருப்பவர்களும் சொந்தமாக வாங்கிக் குடியேறியவர்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். இது வேலி போட்டு மூடிய அருங்காட்சியகமன்று, துணி உலரும் ஊர்தான். மற்றவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'மீட்டெடுக்கப்பட்டது' என்ற சொல்லுக்குள் இந்த ஊரைப் பொறுத்தவரை பல வேறுபட்ட காரியங்கள் அடங்கியிருக்கின்றன.

முதலில், ஊரே இல்லாத இடத்தில் வீடுகள் ஏன் கட்டப்பட்டன என்பது தெரிந்தால்தான் வீடுகளின் அமைப்பு புரியும். கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், லானார்க் நகரத்துக்குக் கீழே, கிளைடு ஆறு ஆழமான பள்ளத்தாக்கொன்றில் அருவி அருவியாக இறங்குகிறது. கிளாஸ்கோ வணிகரான டேவிட் டேலும், நீர்விசையால் நூல் நூற்கும் பொறியைக் கொண்டு இங்கிலாந்தில் பெரும்பொருள் ஈட்டியிருந்த ரிச்சர்டு ஆர்க்ரைட்டும் 1784-ல் இந்த இடத்தைப் பார்த்தார்கள். ஆலையை ஓட்டத் தேவையான நீர்வீழ்ச்சி அங்கே ஆண்டு முழுவதும் இருந்தது. ஆலையில் வேலை செய்ய ஆள் இல்லை. கூட்டு விரைவிலேயே முறிந்துபோனாலும் டேல் பின்வாங்கவில்லை. பாறையைக் குடைந்து சுரங்கவாய்க்கால் வெட்டி ஆற்று நீரைத் திருப்பினார். 1786-ல் முதல் ஆலையில் நூற்பு தொடங்கியது. 1788-ல் அது எரிந்துபோக, மறுபடி கட்டினார். நீர்ச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தொழிலாளி இருக்கும் நகரத்துக்குப் போக முடியாது; ஆகவே தொழிலாளியைச் சக்கரம் இருக்கும் பள்ளத்துக்கு வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்கு டேல் நீட்டிய அழைப்பிதழ்தான் வீடு.

வந்தவர்கள் யார் என்பதும் கட்டடங்களின் பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. கெய்த்னஸ் ரோ என்ற வரிசை ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள கெய்த்னஸ் பகுதியை நினைவூட்டுகிறது. மேட்டுநிலங்களில் பிழைப்பற்றுப்போன குடும்பங்கள் அங்கிருந்தெல்லாம் வந்தன. 1791-ல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் புறப்பட்ட கப்பலொன்று புயலில் சிக்கிக் கிரீனாக் துறைமுகத்தில் ஒதுங்கியபோது, அதிலிருந்தவர்களிடம் டேல் ஆளனுப்பி வேலையும் வீடும் தருவதாகச் சொன்னார். பலர் கடல் தாண்டும் எண்ணத்தைக் கைவிட்டு ஆலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆலை முதலாளிக்கு வேண்டியிருந்தது தனி ஆளன்று, பிள்ளைகள் நிறைந்த குடும்பம் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. 1793-ஆம் ஆண்டுக் கணக்கின்படி வேலையில் இருந்த 1,157 பேரில் 795 பேர் குழந்தைகள். நூலிழை அறுந்தால் முடிச்சுப் போடவும், பொறிக்கு அடியில் சேரும் கழிவுப் பஞ்சை எடுக்கவும் சின்ன விரல்களும் சின்ன உடம்புகளும் தேவைப்பட்டன.

அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு வீடே கிடையாது. எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆதரவற்ற சிறுவர் சிறுமியர் நான்காம் ஆலையின் ஒரு பகுதியிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். 1793-ல் அப்படி இருந்தவர்கள் 275 பேர். ஊதியம் இல்லை, உணவு, உடை, படுக்கை, வேலை முடிந்தபின் இரவுப் பள்ளி ஆகியவையே கூலி. 1796-ல் டேல் தம் ஏற்பாடுகளைப் பற்றி எழுத்தில் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் கிடைக்கிறது. ஒரு கட்டிலுக்கு மூன்று குழந்தைகள். மெத்தையிலுள்ள வைக்கோல் மாதம் ஒரு முறை மாற்றப்படும். தரை வாரம் ஒரு முறை வெந்நீரும் மணலும் கொண்டு தேய்க்கப்படும். சுவருக்கும் கூரைக்கும் ஆண்டில் இருமுறை சுண்ணாம்பு. காலை 6 மணிக்குத் தொடங்கும் வேலை மாலை 7 மணிக்கு முடியும், இடையில் உணவுக்கு ஒன்றரை மணி நேரம். இதை டேல் பெருமையுடன்தான் எழுதினார். அந்தக் காலத்து மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டவர்களும் அவரைப் பாராட்டத்தான் செய்தார்கள். அந்த நான்காம் ஆலை 1883-ல் தீக்கிரையாகி மறைந்துவிட்டது. மிகவும் கீழ்நிலையில் இருந்தவர்கள் படுத்த இடமே இன்றைக்குக் கட்டடமாக எஞ்சவில்லை என்பதை, எஞ்சியிருக்கும் அழகான வரிசைகளைப் பார்க்கும்போது சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பங்களுக்கான வீடுகள் ஆற்றுக்கும் மலைச்சரிவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் கட்டப்பட்டன. நம்மூரில் லைன் வீடு என்று சொல்வதை அங்கே 'ரோ' என்கிறார்கள். ஆனால் லைன் வீட்டைப் போல இது தரையோடு தரையாகக் கிடப்பதன்று. இடநெருக்கடியால் மாடி மேல் மாடியாக உயர்ந்தது. ஆற்றோரத்து மணற்கல்லில் தடித்த சுவர், மேலே கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல் கூரை, இடையில் பல குடும்பங்களுக்குப் பொதுவான மாடிப்படி. சரிவில் கட்டியதால் பல கட்டடங்களில் தெருப்பக்கம் காணும் மாடிகளின் எண்ணிக்கையும் பின்பக்கம் காணும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது.

பிராக்ஸ்ஃபீல்டு ரோவும் லாங் ரோவும் 1790-ஐ ஒட்டியவை. கெய்த்னஸ் ரோ 1793-ஐ ஒட்டியது. டபுள் ரோ, மான்டில்லா ரோ, வீ ரோ மூன்றும் 1795 வாக்கில் வந்தவை. மணிக்கூண்டோடு கூடிய நியூ பில்டிங்ஸ் 1798-ல் எழுந்தது. இந்த ஆண்டுகளை நான் வரிசையாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நியூ லானார்க் என்றதும் ராபர்ட் ஓவன் என்ற பெயர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. 'ஓவன் தம் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் ஆலைகளை 60,000 பவுண்டுக்கு வாங்கியது 1799-ல். அவர் நிர்வாகத்தை ஏற்றது 1800 ஜனவரியில். அதற்குள் வரிசைகளில் அநேகமாக எல்லாமே நின்றுகொண்டிருந்தன. குடியிருப்புகளில் அவர் காலத்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது 1809-ல் கட்டப்பட்ட நர்சரி பில்டிங்ஸ். நான்காம் ஆலையில் படுத்திருந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அது எழுந்தது. அத்தகைய பிள்ளைகளைப் புதிதாகச் சேர்ப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்பதையும், 10 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆலைக்குள் விடவில்லை என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஓவன் புதிதாக எழுப்பியவை பெரும்பாலும் பொதுக் கட்டடங்கள்: மலிவு விலைக் கடை, 1816 ஜனவரி முதல் நாளில் திறந்த கல்விக்கூடம், பள்ளி. வீட்டின் கல்லும் கூரையும் டேலுடையவை. வீட்டில் எப்படி வாழ வேண்டும் என்ற சட்டம் ஓவனுடையது.

அந்தச் சட்டத்தைச் சொல்லுமுன் வீட்டுக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்துவிடலாம். பொதுப் படியேறி, கதவைத் தள்ளினால் ஒரே அறை. ஒரு பக்கச் சுவரில் கணப்படுப்பு. சமையல், குளிர்காய்தல், ஈரத்துணி உலர்த்தல், வெந்நீர் எல்லாம் அதில்தான். எதிர்ச்சுவரில் மாடம்போல் உள்வாங்கிய பள்ளத்தில் கட்டில் பொருத்தப்பட்டிருக்கும். அறைக்குள் நீட்டிக்கொண்டு இடத்தை அடைக்காது, முன்னால் திரையை இழுத்துவிட்டால் ஓரளவு மறைவும் கிடைக்கும். பெரியவர்கள் அதில் படுப்பார்கள். அதன் அடியில் சக்கரம் வைத்த தாழ்ந்த இன்னொரு கட்டில் இருக்கும். ஹர்லி என்பது அதன் பெயர். இரவானால் அதை உருட்டி வெளியே இழுத்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைப்பார்கள். காலையில் மறுபடி உள்ளே தள்ளினால்தான் அறையில் நடக்க இடமிருக்கும். எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட குடும்பம் இப்படி ஒரே அறையில் இருப்பது அபூர்வமன்று. தண்ணீர் வெளியிலிருந்து சுமந்து வர வேண்டும். கழிப்பறை வீட்டில் கிடையாது. சாம்பலும் மலமும் குப்பையும் சேர்ந்த குவியல்கள் வாசலுக்கு எதிரேயே கிடந்தன.

கூட்டம் எவ்வளவு என்பதற்கு இன்னொரு அளவுகோல்: 1820-ஐ ஒட்டி இந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,500-ஐத் தொட்டது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் 200-க்கும் குறைவு. இடையில் ஒரு வரிசை இடிக்கப்பட்டது, ஒன்றிரண்டு கட்டடங்கள் வேறு பயனுக்குப் போயின; மற்றபடி சுவர்கள் அநேகமாக அவையேதாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, படத்தில் தெரியும் அமைதியான தெரு எந்தத் தெருவின் மேல் நிற்கிறது என்பது விளங்கும்.

இப்போது ஓவனின் சட்டம். அவர் வகுத்த ஊர் விதிகளின்படி, ஒவ்வொரு வீடும் வாரம் ஒரு முறையாவது துப்புரவு செய்யப்பட வேண்டும். குடியிருப்பவரே ஆண்டுக்கு ஒரு முறையாவது வெள்ளையடிக்க வேண்டும். பொதுப் படிக்கட்டையும் வீட்டுக்கு எதிரே உள்ள தெருவையும் முறைவைத்துப் பெருக்க வேண்டும். சாம்பலையும் அழுக்குநீரையும் தெருவில் கொட்டக் கூடாது. வீட்டுக்குள் மாடு, பன்றி, கோழி, நாய் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. குளிர்காலத்தில் இரவு பத்தரைக்கு மேல் வெளியே திரியக் கூடாது. வாசல் குவியல்கள் அகற்றப்பட்டன. விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்க வாரந்தோறும் வீடு வீடாக நுழைந்து பார்த்து அறிக்கை தரும் குழுவும் இருந்தது. ஊர்ப் பெண்கள் அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் 'மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள்'. சிலர் அவர்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எனக்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே பிடித்த செய்தி இந்தப் பட்டப்பெயர்தான், ஏனென்றால் தொழிலாளியின் குரல் இவ்வளவு நேராகக் கேட்கும் இடம் வேறு அதிகம் இல்லை. ஓவன் எழுதியவை பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. அவரைப் பார்க்க வந்த பிரமுகர்களின் குறிப்புகளும் கிடைக்கின்றன. பின்னாளில் ருஷ்யப் பேரரசராக முடிசூடிய நிக்கோலாஸ் இளவரசர்கூட 1816-ல் வந்துபோனார். ஆனால் பதின்மூன்று மணி நேரம் ஆலையில் கழித்துவிட்டு வந்து, ஒரே அறையில் எட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்ட பெண்ணுக்கு, அடுத்த நாள் எவரோ வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை இந்த ஒரு கேலிப்பெயர் மட்டுமே சொல்கிறது. துப்புரவு விதிகளால் நோய் குறைந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. முதலாளியே வீட்டுக்காரராகவும் இருக்கும் ஊரில், வேலையும் வீடும் ஒரே கையில் இருந்ததால் விதியை மறுப்பவர் எங்கே போவார் என்ற கேள்வியும் கூடவே இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். அதே வேளையில் ஓவனுக்கு ஊரின் மனம் கனிந்த கதையும் இதே கேள்வியில்தான் இருக்கிறது. அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் பஞ்சு வரத்து நின்று ஆலைகள் நான்கு மாதம் மூடிக் கிடந்தபோது அவர் எவரையும் வெளியேற்றாமல் முழுக்கூலியும் கொடுத்தார். அதற்கு 7,000 பவுண்டுக்கு மேல் ஆனது. அதன் பிறகே தொழிலாளர்கள் தம்மை நம்பத் தொடங்கினார்கள் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஓவன் 1825-ல் விலகியபின் ஊர் வாக்கர் குடும்பத்தின் கைக்கும், 1881-க்குப் பின் பிர்க்மயர் குடும்பம் சார்ந்த கூராக் கயிற்றாலை நிறுவனத்தின் கைக்கும் மாறியது. பஞ்சு நூலோடு மீன்வலையும் கித்தான் துணியும் அங்கே உருவாயின. சுற்றுலாக் கையேடுகள் ஓவனிலிருந்து ஒரே தாவாக மீட்புப் பணிக்கு வந்துவிடும். வீடுகளைப் பற்றி அறிய விரும்புகிறவர் இந்த நீண்ட இடைக்காலத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது, ஏனென்றால் இன்றைக்கு நினைவாற்றலோடு பேசக்கூடிய குடும்பங்களின் வீட்டு வாழ்க்கை இந்தக் காலத்துடையது. 1933-ல்தான் வீட்டுக்குள் குளிர்நீர்க் குழாயும் தொட்டியும் வந்தன. வெளியிலிருந்த பொதுக் கழிப்பறைகளுக்கு மாற்றாகக் கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறைகள் அமைந்தன. 1938-லிருந்து நிறுவனம் எல்லா வீடுகளுக்கும் இலவசமாக மின்சாரம் கொடுத்தது. இலவசம்தான், ஆனால் அறைக்கு ஒரு மங்கிய பல்பு எரியும் அளவுக்குத்தான். இரவு 10 மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் 11 மணி வரை சலுகை. ஓவன் காலத்துப் பத்தரை மணி விதியைப் படித்தவருக்கு இந்த 10 மணி வேறொரு விதியாகத் தோன்றாது. 1955-ல் தேசிய மின்கட்டமைப்போடு ஊர் இணைந்த பிறகுதான் விளக்கை எப்போது அணைப்பது என்பது குடியிருப்பவரின் முடிவாயிற்று.

ஆலை 1968-ல் மூடப்பட்டது. ஆனால் வீடுகளின் மீட்பு அதற்கு முன்பே, 1963-ல் நியூ லானார்க் சங்கம் என்ற வீட்டுவசதி அமைப்போடு தொடங்கிவிட்டது. கெய்த்னஸ் ரோவும் நர்சரி பில்டிங்ஸும் முதலில் கைக்கு வந்தவை. இந்த வரிசைமுறை முக்கியமானது. அருங்காட்சியகம் அமைக்கலாம் என்ற எண்ணத்தில் எவரும் தொடங்கவில்லை. ஊரில் இன்னும் இருப்பவர்களுக்கு இருக்கத்தக்க வீடு வேண்டும் என்ற தேவையில்தான் தொடங்கினார்கள். ஆகவே அந்தக் காலத்து நோக்கப்படியே வேலை நடந்தது: சுவர்களைத் தட்டித் திறந்து, பக்கத்து அறைகளைச் சேர்த்து, குளியலறையும் சமையலறையும் கொண்ட தனி வீடுகளாக்கினார்கள். பழைய அறையின் எல்லை, உள்ளே பதித்த கட்டில், கணப்படுப்பு எல்லாம் இதில் பெரும்பாலும் போய்விட்டன. பழம்பொருள் ஆர்வலர்கள் சிலர் இதை இழப்பு என்பார்கள். இழப்புத்தான். ஆனால் 1960களில் ஒற்றையறையில் பொதுக் கழிப்பறையோடு எவரையும் குடியிருக்கச் சொல்ல முடியாது. குடியிருப்பவர் இல்லாத கட்டடத்துக்கு என்ன நேரும் என்பதை அதே ஊரின் மற்ற வரிசைகள் காட்டின.

ஆலைக் கட்டடங்கள் 1970-ல் பழைய உலோகத்தைப் பிரித்தெடுக்கும் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. வெளியே இரும்புக் குப்பை, உள்ளே ஒழுகும் கூரை; குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. இடிப்பதா வைப்பதா என்ற பேச்சு வந்தபோது, 1974-ல் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று அமைந்தது. ஆனாலும் ஆலைகள் அதன் கைக்கு வர 1983-ல் கட்டாயக் கையகப்படுத்தும் ஆணை பிறக்க வேண்டியிருந்தது. பணம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. அரசு மானியம், வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் அரசுத் திட்டங்கள், வீடு விற்பனை என்று கிடைத்த வழியெல்லாம் பயன்பட்டது. ஆலை மூடி வேலையிழந்த வட்டாரத்தில் அந்த ஆலையின் ஊரைச் செப்பனிடுவதே சில காலம் பலருக்கு வேலையாக இருந்தது.

எல்லா வரிசைக்கும் ஒரே வைத்தியம் செய்யவில்லை என்பதைத்தான் நான் இந்த மீட்பின் சிறப்பாகக் கருதுகிறேன். பிராக்ஸ்ஃபீல்டு ரோ தனியார் சொந்த வீடுகளாயிற்று. லாங் ரோவில் சில வீடுகள் சொந்தக்காரர்களுடையவை, சில வாடகைக்கு விடப்படுபவை. வீ ரோ 1994 முதல் இளைஞர் தங்கும் விடுதியாக நடந்தது. மான்டில்லா ரோ நிற்கும் நிலையில் இல்லாததால் இடிக்கப்பட்டது. அதன் அடித்தளமும் தாங்குசுவரும் மட்டும் தெரியும்படி விட்டுவைத்திருக்கிறார்கள். அதைப் பழையபடி கட்டியெழுப்பாதது சரியான முடிவு. வரிசையில் ஒரு பல் விழுந்த இடம் காலியாகத் தெரிவதால்தான் மற்றவை உண்மையில் பழையவை என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு வருகிறது. இதற்கு நேர்மாறாக முதலாம் ஆலை 1945-ல் தன் மேல் இரு மாடிகளை இழந்திருந்தது. அதை மறுபடி உயர்த்திக் கட்டி 1998-ல் ஓட்டலாகத் திறந்தார்கள். விருந்தினர் மேல்மாடியில் படுக்கும்போது அவர்களைச் சுற்றி இருப்பது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த சுவர்.

மொத்தம் ஏறத்தாழ 65 வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவு சொந்தக்காரர்களுடையவை, மற்றவை வாடகை வீடுகள். 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் என்பதால் இங்கே குடியிருப்பவருக்கு இன்றும் விதிகள் உண்டு. கூரையில் ஆன்டெனாவோ டிஷ்ஷோ வைக்கக் கூடாது. தொலைக்காட்சி, தொலைபேசி, மின்சாரம் மூன்றும் மண்ணுக்கடியில் புதைத்த கம்பிகள் வழியாகவே வருகின்றன. வெளியே தெரியும் மரவேலை எல்லாம் ஒரே வெள்ளை நிறம். கதவும் சன்னலும் ஒரே அமைப்பு. அண்மைக் காலம் வரை நாய் வளர்க்கவும் தடை இருந்தது. இப்போது அதை எவரும் வலியுறுத்துவதில்லை. மாடும் பன்றியும் கூடாது என்ற பட்டியலில் ஓவன் நாயையும் சேர்த்தது நினைவிருக்கிறதா? காரணங்கள் வேறு, காலம் வேறு, ஆனால் இந்த ஊரில் வீட்டுக்காரர் நாயைப் பற்றிக் கவலைப்படுவது பழைய வழக்கம்.

இத்தனை ஒழுங்கும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. அதுவே இதன் குறையும். சாம்பல், புகை, ஈரத்துணி, குவியல், இருநூறு குழந்தைகள் ஒரே தெருவில் எழுப்பும் சத்தம் ஆகிய எதையும் வெள்ளைச் சன்னல் சட்டங்கள் நினைவூட்டுவதில்லை. ஊரில் நிறுவிய பழைய பாணிச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டைக்கூட அசலுக்குப் பொருந்தாத அலங்காரம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை, கூண்டை எவரும் 1790-ஐச் சேர்ந்தது என்று நினைக்கப்போவதில்லை. சேர்த்துக் கட்டிய வீட்டைப் பார்த்து 'அந்தக் காலத்திலேயே இப்படிக் கொடுத்திருக்கிறார்களே' என்று வியப்பதுதான் உண்மையான ஏமாற்றம். கேள்வி கேட்டவருக்கு வந்த ஐயம் அந்த வியப்பின் மறுபக்கம், அது நியாயமான ஐயம்.

அந்த ஐயத்தைத் தீர்க்கும் இடங்கள் ஊருக்குள்ளேயே இரண்டு உண்டு. ஒன்று நியூ பில்டிங்ஸில் உள்ள ஆலைத் தொழிலாளி வீடு. அங்கே ஓர் அறையை 1820களில் இருந்தபடியும் இன்னோர் அறையை 1930களில் இருந்தபடியும் அமைத்திருக்கிறார்கள். நூறாண்டு இடைவெளியில் எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்பதைப் பார்க்க இரண்டு அறைகளுக்கு இடையில் நின்றால் போதும். ஆயினும் இது பின்னாளில் அமைத்துக் காட்டிய காட்சி. மற்றொன்று டபுள் ரோ. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசைகளாகக் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் அது. ஆற்றைப் பார்க்கும் பக்கத்துக்கு வாட்டர் ரோ என்று தனிப்பெயர். பின்சுவர் பொது என்பதால் எந்த வீட்டுக்கும் இருபக்கக் காற்றோட்டம் கிடையாது. மற்ற வரிசைகள் சீராகிக் குடியேறிய பின்னும் நெடுங்காலம் பாழாகக் கிடந்த இதில், ஒரு படிக்கட்டுப் பகுதியை மட்டும் குடித்தனக்காரர்கள் விட்டுப்போன நிலையிலேயே பாதுகாப்பது என்று முடிவு செய்தார்கள். சுவரில் பதித்த கட்டிலும் அடுப்பும் அதில் அப்படியே உள்ளன.

ஒப்பீட்டுக்காக இரண்டு ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டெர்வென்ட் பள்ளத்தாக்கில் உள்ள குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட் 1770களில் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் வீடுகள் நியூ லானார்க்குக்கு மூத்தவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று மாடியில் மாடிக்கோர் அறை. மேல்மாடியில் வீட்டு ஆண்கள் நெய்வதற்கேற்ற நீண்ட சன்னல். அங்கே ஆலைக்கு வேண்டியவர்கள் பெண்டு பிள்ளைகள், ஆண்களுக்கு வீட்டிலேயே வேலை. யார்க்ஷயரில் டைட்டஸ் சால்ட் 1850களில் தொடங்கிய சால்டேரில் தொழிலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் வேறு வேறு அளவில் தனித்தனி வீடுகள், வீட்டுக்கொரு கொல்லை, கொல்லையில் கழிப்பறை. இரண்டு தலைமுறை இடைவெளியில் தொழிலாளர் வீடு எவ்வளவு தூரம் வந்தது என்பதை இந்தக் கொல்லைக் கழிப்பறை சொல்லும். சால்டேரின் வீடுகள் 1930களிலேயே ஆலையின் கையிலிருந்து போய், இப்போது தனித்தனிச் சொந்தக்காரர்களிடம் இருக்கின்றன. மூன்று இடங்களும் ஒரே ஆண்டில், 2001-ல், உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஆனால் முழு ஊரையும் ஓர் அறக்கட்டளையின் கண்காணிப்பில் வைத்திருப்பதில் நியூ லானார்க்கின் நிலை தனி.

நேரில் போக எண்ணுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆலையைச் சுற்றிவிட்டு, கடையையும் பள்ளியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், குடியிருப்பு வரிசைகளின் பின்பக்கமாகவும் ஒருமுறை நடந்து வாருங்கள். முன்பக்கத்தில் சீராகத் தெரியும் கட்டடம் பின்னால் கூடுதலாக ஒரு மாடி ஆழத்துக்கு இறங்கியிருப்பதையும், சன்னல்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் அங்கேதான் காணலாம். ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு குடும்பம் என்று எண்ணிக்கொண்டே நடங்கள். கணக்கு மிகச் சரியாக வராது, ஆனால் 2,500 பேர் எங்கே படுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.